வெளியேறும் வழி எங்கே?

தஞ்சாவூர், ஏர்வாடி, ஸ்ரீரங்கம், கும்பகோணம். ஏழே ஆண்டுகளில் நான்கு ஊர்களின் பெயரோடு தீ ஒட்டிக்கொண்டது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின் யாகசாலைப் பந்தல் பற்றி எரிந்தது. நெரிசலிலும் நெருப்பிலும் 48 பேர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த பந்தல் பிடித்துக்கொண்டது. தாலி கட்ட வந்த மாப்பிள்ளையையும் சேர்த்து 50-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே ஆண்டு ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை காலையில் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள்.

நான்கு இடங்களிலும் கூரை கீற்று. கீற்று எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேர் இறந்ததற்குக் கீற்று மட்டும் காரணமில்லை. தஞ்சையில் கூட்டம் வெளியே வரப் போதுமான வழி இல்லை. ஏர்வாடியில் வழி இருந்தும் காலில் சங்கிலி. ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் கூட்டத்துக்கு ஈடுகொடுக்காத ஒடுக்கமான மாடிப்படி. நெருப்பு எப்படிப் பிடித்தது என்பதை ஆராய விசாரணைக் கமிஷன் தேவைப்படலாம். மாடிப்படி ஒடுக்கமாக இருக்கிறதா என்பதை அறிய ஒரு டேப்பும், நேரில் போய்ப் பார்க்கும் ஓர் அதிகாரியும் போதும். அந்த அதிகாரி போனாரா, போனவர் எழுதினாரா, எழுதியதை யாராவது படித்தார்களா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கும்பகோணம் காட்டிய ஓட்டைகள்

கும்பகோணம் பள்ளியில் சட்டத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. சத்துணவு சமைக்கும் இடத்துக்கும் கீற்று வேய்ந்திருந்தார்கள். மாடியில் இருந்த வகுப்புக்கும் கீற்று வேய்ந்திருந்தார்கள். அடுப்பிலிருந்து கிளம்பிய தீ மேலே தாவ அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் போகிற யாரும் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கூரை அது. அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தது. அரசின் உதவித்தொகை போய்க்கொண்டிருந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சான்றும் இருந்தது.

நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது. வழக்கு பத்தாண்டுகள் நடந்து 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்துப் பேர் குற்றவாளிகள். பதினொரு பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தண்டனை பெற்றவர்களில் கல்வித் துறையைச் சேர்ந்தவர்களும், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் உண்டு. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் பலரை விடுவித்தது; நிறுவனரின் தண்டனையையும் குறைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 வந்தால் பெற்றோர்கள் அந்தப் பள்ளி வாசலில் படங்களை வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தண்டனை யாருக்கு, எத்தனை ஆண்டு என்பதை அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். இன்னொரு பள்ளிக்கு இப்படி நேரக் கூடாது என்பதே அவர்கள் கேட்பது.

அந்தத் துயரம் இந்தியா முழுமைக்கும் ஒரு தீர்ப்பைத் தந்தது. கும்பகோணம் நிகழ்வை அடுத்து வழக்கறிஞர் அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று சொன்னது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கட்டடம் பாதுகாப்பானது என்று உறுதி செய்யாமல் எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் தரக் கூடாது என்றும், தீயணைப்புக் கருவிகள் வைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நான்கு சான்றுகள், நான்கு மேசைகள்

இன்று தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க நான்கு சான்றுகள் வேண்டும். கட்டட உறுதிச் சான்று பொறியாளரிடமிருந்து வரும். பொதுக் கட்டட உரிமத்தைத் தாசில்தார் தருவார். அதற்கு 1965-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சுகாதாரச் சான்று சுகாதாரத் துறையுடையது. தடையின்மைச் சான்று, அதாவது எல்லோரும் என்.ஓ.சி. என்று சொல்வது, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையுடையது. இவை போக, கட்டடம் எழும்பும்போதே உள்ளாட்சி அமைப்போ, டி.டி.சி.பி.யோ, சென்னை என்றால் சி.எம்.டி.ஏ.வோ திட்ட அனுமதி தந்திருக்க வேண்டும்.

ஏற்பாடு நல்லது போலத்தான் தெரிகிறது. நான்கு பேர் பார்த்தால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார் என்பது எதிர்பார்ப்பு. நடப்பது வேறு. தாசில்தார், பொறியாளரின் சான்றை நம்புகிறார். கல்வித் துறை, தாசில்தாரின் உரிமத்தை நம்புகிறது. தீயணைப்பு நிலைய அலுவலர் வந்து தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பான், மணல் வாளி எல்லாம் பார்ப்பார். மாடியில் அனுமதி இல்லாமல் ஒரு தளம் ஏறியிருந்தால் அதை இடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இடிக்க அதிகாரம் உள்ள நகரமைப்புப் பிரிவுக்கு, தீயணைப்பு அலுவலர் என்ன எழுதினார் என்பது பல நேரம் தெரியவே தெரியாது. தாள்கள் ஒரே கோப்பில் சேர்கின்றன. அவற்றை எழுதியவர்கள் ஒரே கட்டடத்தின் முன்னால் சேர்ந்து நிற்பதே இல்லை. விபத்து நடந்த மறுநாள்தான் அத்தனை துறையும் ஒன்றாக அங்கே வந்து நிற்கின்றன.

அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை கட்டட ஒழுங்குமுறையையும் தீயணைப்புப் பணியையும் நகராட்சிகளின் பொறுப்புகளாக ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை; 1985-ம் ஆண்டுத் தீயணைப்புப் பணிகள் சட்டம் அதை நடத்துகிறது. எந்த ஏற்பாடு மேல் என்று வாதிட இது இடமில்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு கையில் இருக்கும்போது, அந்தக் கைகளைக் கோத்துவிடும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். மாவட்டத்தில் அந்த வேலை ஆட்சியருடையது. அவர் மேசையில் இருக்கும் நூறு வேலைகளில் இதுவும் ஒன்றாகிவிட்டால், முறை வருவது தீப்பிடித்த பிறகுதான்.

தி.நகர் சொல்லும் பாடம்

பள்ளியை விட்டுக் கடைக்கு வருவோம். 2017 மே 31 விடியற்காலை, தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டார்கள். தீயை மட்டும் அணைக்க முடியவில்லை. ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. புகை வெளியேற வழியில்லாததால் வீரர்கள் உள்ளே போக முடியாமல், சுவரைத் துளைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மறுநாளுக்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை அரசு இடித்தது. அனுமதித்ததற்கு மேல் தளங்கள் கட்டப்பட்டிருந்தன என்பது அதன் பிறகு எல்லோர் வாயிலும் பேச்சானது.

அதற்கு முன்பு அது யாருக்கும் தெரியாதா? 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் பெரிய கடை ஒன்று எரிந்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிய கட்டடங்களுக்கு சி.எம்.டி.ஏ. சீல் வைத்தது. 2012 பொங்கலுக்கு முன்பு உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுடன் கடைகள் திறந்தன. பண்டிகை போனது, வழக்கு நீண்டது, கட்டடங்கள் அப்படியே நின்றன.

இதன் வேர் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது அது. ஒரே ஒரு முறை என்று சொல்லப்பட்ட சலுகை, தேதி மாற்றி மாற்றி நீட்டிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்காக 113-சி வந்தது. சீல் வைக்கும் நோட்டீசுக்கு எதிராக அரசிடமே முறையிட 80-ஏ பிரிவிலும் இடமுண்டு. முறையீடு முடியும் வரை கல்லாவும் மூடுவதில்லை, கதவும் மூடுவதில்லை.

களத்தில் நிற்கும் ஆய்வாளரின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அவர் இன்று தளம் அளந்து நோட்டீஸ் கொடுக்கிறார். நாளை வரன்முறைத் திட்டம் வரும் என்பது கட்டியவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அபராதம் கட்டுகிறவர்களுக்கு விதி என்பது ஒரு கட்டணம் ஆகிவிடுகிறது. கார் நிறுத்தும் இடம் குறைந்ததைப் பணத்தால் ஈடு செய்யலாம் என்று வாதிடலாம். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் குறைந்ததை எந்தப் பணமும் ஈடு செய்யாது. 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 சொல்கிறது. அந்த 7 மீட்டர் அழகுக்காக வைத்ததில்லை. தீயணைப்பு வண்டி நாலு பக்கமும் சுற்றி வரவும், ஏணியைத் தூக்கி நிறுத்தவும் வேண்டிய இடம் அது.

1975-ல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது மேல் தளங்களுக்கு எட்டுகிற ஏணி நம்மிடம் இல்லை. இன்று 50 மீட்டரைத் தாண்டி எட்டும் ஸ்கைலிஃப்ட் வண்டிகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்தக் கட்டடத்தின் ஓரத்தில் இடம் இல்லையென்றால், கோடிகள் கொட்டி வாங்கிய அந்த வண்டி தெருமுனையில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

வீடு விடுதியாகும்போது

பெரிய கடைகளும் பள்ளிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இப்போதைய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளர்கிறது. வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடம் பெண்கள் விடுதியாகிறது, கிளினிக்காகிறது, நீட் பயிற்சி மையமாகிறது, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓட்டலாகிறது. நாலு பேர் இறங்க அமைத்த படியில் நாற்பது பேர் இறங்க வேண்டியிருக்கிறது.

2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரையில், பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் புகை சூழ்ந்தது. மூச்சுத் திணறி இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ. இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. உயிருக்குத் தப்ப லிஃப்டுக்குள் போனவர்கள் அதற்குள்ளேயே மயங்கிக் கிடந்தார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சொல்லித் தந்திருந்தால், புகை ஏறாத படிக்கட்டுக்கு வழி காட்டும் விளக்கு எரிந்திருந்தால், அவர்கள் நடந்தே வெளியே வந்திருக்கக்கூடும்.

இரண்டு இடங்களிலும் நாம் பயப்பட வேண்டியது புகைக்கு. பூட்டிய அறையில் இருப்பவரைச் சுடர் எட்டுவதற்கு முன் புகை எட்டிவிடும். அதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசும் அளவுக்குப் படிக்கட்டைப் பற்றியும் பேசுகிறது. மருத்துவமனைப் படிக்கட்டுக்கு 2 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டுமே.

விடுதிகளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014-ம் ஆண்டு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஆட்சியரிடம் உரிமம் பெறச் சொல்கிறது. ஆனால் கட்டடத்தின் பயன்பாடு மாறியதை யார் கவனிப்பது? வீட்டு இணைப்பு வணிக இணைப்பாக மாறியது மின்வாரியத்துக்குத் தெரியும். சொத்து வரி விகிதம் மாறியது மாநகராட்சிக்குத் தெரியும். அந்தத் தகவல் தீயணைப்பு நிலையத்துக்குப் போனால் போதும், ஆய்வுப் பட்டியல் தானாக உருவாகிவிடும். அந்த வழி இன்னும் திறக்கப்படவில்லை.

மறுபுறம், சிறிய வீடுகளுக்கு நடைமுறையை எளிமையாக்கியிருக்கிறது அரசு. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று அடிப்படையில் உடனே அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்தை அலைக்கழிக்காமல் விட்டது நல்லதே. அதில் மிச்சமாகும் அலுவலர்களின் நேரம், கூட்டம் கூடும் கட்டடங்களை நேரில் பார்க்கப் போக வேண்டும். வீட்டுக்கு விட்ட சலுகையின் நிழலில் விடுதி ஒதுங்கிவிடக் கூடாது.

முடியாதது இல்லை

இதெல்லாம் இந்த நாட்டில் நடக்காது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்குக் கும்பகோணமே பதில் சொல்கிறது. அந்த 94 குழந்தைகளுக்குப் பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. ஓடும் தகரமும் கான்கிரீட்டும் வந்தன. இன்று தமிழ்நாட்டில் பள்ளி வகுப்பறை என்றால் கீற்றுக் கொட்டகை நினைவுக்கு வருவதில்லை. உத்தரவு ஒரே வரியில் இருந்தது. செய்தார்களா இல்லையா என்பதை யாரும் தெருவிலிருந்தே பார்க்க முடிந்தது. செய்யாவிட்டால் அங்கீகாரம் போகும் என்பது நிச்சயமாக இருந்தது. நிறைவேறிய விதிக்கு இந்த மூன்றும் இருக்கும். நிறைவேறாத விதிகளை எடுத்துப் பாருங்கள், மூன்றில் ஒன்றாவது குறையும்.

எனவே செய்ய வேண்டியவற்றை நேராகவே சொல்லலாம்.

முதலாவது, ஆய்வறிக்கை வாசலுக்கு வர வேண்டும். பள்ளி, மருத்துவமனை, மண்டபம், திரையரங்கு, விடுதி, பெரிய கடை ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் என்.ஓ.சி. எண், காலாவதி தேதி, அனுமதித்த தளங்கள், உள்ளே இருக்கலாம் என்று விதித்த ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாக வந்து பார்த்த அலுவலரின் பெயர், பதவி ஆகியவை தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்புக்குள் இருக்கும் சான்று கையெழுத்துப் போட்டவரைக் காக்கும். வாசலில் இருக்கும் சான்றுதான் உள்ளே போகிறவரைக் காக்கும்.

இரண்டாவது, கூட்டாய்வு. தீயணைப்பு, நகரமைப்பு, மின் ஆய்வு மூன்றும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்குப் போய் ஒரே அறிக்கை எழுத வேண்டும். போகும் நாளை முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, பராமரிப்புக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்க வேண்டும். மகாராஷ்டிராவில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, தீத்தடுப்புக் கருவிகள் வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமையாளர் தர வேண்டும். குழாய் பதித்த நாளில் தண்ணீர் வந்தது. இன்று வருகிறதா என்பதே கேள்வி. இங்கும் அந்த ஏற்பாடு வேண்டும்.

நான்காவது, உயிர் காக்கும் விதிகளுக்கு வரன்முறை கிடையாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். சுற்றிலும் விட வேண்டிய இடம், இரண்டாவது படிக்கட்டு, வெளியேறும் கதவு ஆகிய மூன்றிலும் அபராதம் வாங்கிக்கொண்டு மன்னிக்கக் கூடாது.

ஐந்தாவது, கையெழுத்துப் போட்டவருக்குப் பொறுப்பு. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின், குடிநீர் இணைப்பு தரக் கூடாது. கட்டும் காலம் முழுதும் அனுமதித்த வரைபடம் அந்த இடத்தில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். விதிக்கு மாறாகச் சான்று தந்த அதிகாரி மீது துறை நடவடிக்கை வேண்டும். ராஜ்கோட்டில் 2024 மே 25 அன்று என்.ஓ.சி. இல்லாமல் நடந்த விளையாட்டு அரங்கில் 27 பேர் கருகிய பிறகு மாநகராட்சி அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நடவடிக்கை மே 24 அன்று நடந்திருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

இத்தனையும் கேட்கும்போது, களத்தில் இருப்பவர்களுக்கு நியாயமும் கேட்க வேண்டும். 2020 தீபாவளி இரவில் மதுரையில் எரிந்த ஜவுளிக் கடைக் கட்டடம் சரிந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பழைய கட்டடத்தின் பலவீனத்துக்கும், அடைத்து வைத்த சரக்குக்கும் விலை கொடுத்தது அவர்களின் குடும்பம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14, 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாகத் தீத்தொண்டு நாள் கடைப்பிடிக்கிறோம். மலர்வளையத்தோடு நிறுத்திவிடாமல், ஒரு நிலையத்தில் ஓட்டுநர் முதல் ஆய்வாளர் வரை இருக்க வேண்டிய இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றும் அன்று கணக்குப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் தீயோடு போராடிவிட்டு வந்தவரையே காலையில் கட்டட ஆய்வுக்கும் அனுப்பினால், அந்த ஆய்வு எப்படி இருக்கும்?

உங்கள் கையில் இருப்பது

சட்டம் எல்லாவற்றையும் செய்யாது. நம் அடுக்குமாடிகளின் படிக்கட்டைப் பார்த்தால் தெரியும். செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், துணி காயப்போடும் ஸ்டாண்டு. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இ.பி. பெட்டிகள் வரிசையாக இருக்கும் கீழ்த்தளத்திலேயே மின்சார ஸ்கூட்டருக்கு இரவு முழுதும் சார்ஜ். சுவரில் தொங்கும் தீயணைப்பானில் தேதி தாண்டிய சீட்டு. எந்த அதிகாரியும் வராமலே இந்த வாரம் நாம் சரி செய்யக்கூடியவை இவை.

கேள்வி கேட்கும் உரிமையும் நம்மிடம் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்குக் குழந்தையைச் சேர்க்கும் பள்ளியில், கட்டணச் சீட்டு வாங்கும் முன் என்.ஓ.சி.யைக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போது, சமையற்கட்டையும் ஏ.சி.யையும் பார்ப்பதோடு இரண்டாவது படிக்கட்டையும் இறங்கிப் பாருங்கள். மகளை விடுதியில் சேர்க்கிறவர்கள் ஜன்னல் கம்பியைத் திறக்க முடிகிறதா, இரவில் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை யார் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்கும் நகரமைப்புப் பிரிவுக்கும் மனு போடுங்கள்.

விதிகள் எழுதியாகிவிட்டது. நீதிமன்றங்கள் சொல்லியாகிவிட்டது. மிச்சமிருப்பது, ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதி, எழுதியதை ஊருக்குக் காட்டுவது மட்டுமே. அதை இந்த அரசு இந்தக் கல்வியாண்டிலேயே பள்ளிகளில் தொடங்கட்டும். தொடங்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.